பக்கம் நாற்பத்திரண்டு: மகளிர் பங்கு

காலை ஆறரைக்கு எழுகிறேன். ஒரு ஆளுக்குக் காப்பி போடுகிறேன். எட்டு மணிக்கு நூலகத்தைத் திறந்து பெருக்குகிறேன். முதல் பேருந்தில் செங்கத்திலிருந்து நேற்றைய செய்தித்தாள் வரும். அதில் இன்றைய தேதி முத்திரையைக் குத்துகிறேன். பிறகு அது இன்றைய செய்தி.

இந்தப் பயிற்சிதான் என்னை எங்கள் மலை ஊரின் வரலாற்றுக் குழுவுக்குச் செயலாளராக உயர்த்தியிருக்க வேண்டும். மற்ற ஊர்களில் வரலாறு நடந்தால்தான் எழுதுவார்கள். எங்கள் குழு அப்படிக் காத்திருந்து காலத்தை வீணாக்குவதில்லை.

குழுத் தலைவர் புளி மண்டி துரைக்கண்ணு. ஊரில் ஓடும் ஒரே ஜீப் அவருடையது. எனவே தலைமைக்குப் போட்டி இல்லை. எழுதுவது ஓய்வுபெற்ற ஆசிரியர் கோபால்சாமி. 1983 நூலக வாரத்தில் நூல் வெளிவர வேண்டும். நாற்பத்தொரு பக்கங்கள் தயார். முப்பதில் தலைவர் யாருக்காவது மாலை போட்டுக்கொண்டிருந்தார். பத்தில் வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்று முன்னுரை.

அப்போதுதான் ஒரு குறை தெரிந்தது. நூலை வெளியிட வருபவர் ஒரு பெண் அதிகாரி. நூலில் பெண்களே இல்லை. உடனே 'மகளிர் பங்கு' என்று ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டது. ஊர்ப் பெண்களைப் பேட்டி காணத் தீர்மானம் நிறைவேறியது. அவர்கள் சாமை அறுக்கப் போயிருந்தார்கள். 'வரலாற்றில் ஆர்வமற்றவர்கள்' என்று குறிப்பேட்டில் பதிந்தேன்.

தலைவரின் பார்வை என் மேல் விழுந்தது. என் மனைவி பாஞ்சாலை மலைக்காரி. சென்ற ஆண்டு நூலக வாரத்தில்தான் இறந்தாள். இவரைவிடப் பொருத்தமான பெண்மணி கிடைக்கமாட்டார் என்று குழு ஒருமனதாக நெகிழ்ந்தது. கோபால்சாமி ஐயா பத்தே நிமிடத்தில் எழுதி வாசித்தார். உயிர் பிரியும்போது அவள், "அன்பரே, என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். விழா சிறக்கட்டும்" என்றாளாம்.

தலைவர் உண்மையில் அக்கறை உள்ளவர்.

"மலைப் பொண்ணு அன்பரேன்னா சொல்லும்? 'ஏங்க'ன்னு போடுங்க சார். அப்பத்தான் நிஜமா இருக்கும்."

திருத்தம் ஏற்கப்பட்டது.

அவள் நூலகத்துக்குள் வந்ததே இரண்டு முறைதான், இரண்டும் எனக்குச் சோறு கொண்டுவர, என்றேன். 'வாசகர்களுக்கு அன்னமிட்டவர்' என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பக்கத்தின் அடியில் 'மேற்கண்டவை உண்மை' என்று கணவன் என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கத்தையே எடுத்துவிடச் சொன்னேன்.

"இன்னா தம்பி, செத்தவங்களுக்குப் பேரு வாங்கித் தர்றோம். கசக்குதா?" என்றார் தலைவர்.

அவருக்கு அந்த நாள் மறந்திருக்கலாம். விழா முடிந்த மறுநாள் காலை. பாஞ்சாலைக்கு ஆறாம் மாதம். விடியலிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். பேருந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஜீப் நின்றிருந்தது. விழாவுக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை அதில் அடுக்கிக் கட்டியிருந்தார்கள். மதியம் செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவை போயாக வேண்டும். கொடுத்த வாக்கு தவறினால் ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று தலைவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். கறை பட்டால் கல்யாண வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றும் கேட்டார். கேட்டுக்கொண்டு கட்டிலருகே திரும்பினேன். நான் வெறும் பட்டதாரி.

நாற்காலிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூட உடையவில்லை. 'சொன்ன சொல் தவறாத ஊர்' என்று முன்னுரையில் அது பதிவாகியிருக்கிறது. பேருந்தும் அன்று சரியான நேரத்துக்கே வந்தது. பாஞ்சாலைதான் அதுவரை இருக்கவில்லை.

கோபால்சாமி ஐயா நல்லவர். பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"சரிப்பா, அந்தம்மா கடைசியா இன்னாதான் சொன்னாங்க? அதையே போட்டுடலாம்."

ஆதாரத்தோடு இருந்தால் நூலுக்கு மதிப்புத்தான் என்று தலைவரும் தலையசைத்தார். அவர்கள் எழுதியதை அடித்தேன். அவள் சொன்னதை எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன்.

"ஏங்க, இன்னொரு தரம் கேட்டுப் பாருங்க. எனக்குன்னு எடம் வோணாம். அந்த நாற்காலிங்க சந்துல குந்திக்கினு வர்றேன்."