காலை உணவுக்கான தகுதி

காலை உணவுக் கூடம் திறந்து ஒரு வாரமாகியும் ஒரு மாணவன்கூட எட்டிப் பார்க்கவில்லை. வேகவைத்த முட்டைகள் ஆறின. ஆறியவற்றைத் திரும்பச் சூடாக்கினார்கள். கடைசியில் அலுவலக ஊழியர்களே ஆளுக்கு இரண்டாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'திருத்தம்' என்றுதான் சொல்வார்கள். எந்தச் சுற்றறிக்கை கையில் கிடைத்தாலும் சிவப்பு மையால் இரண்டு கோடாவது போடாமல் அவர் விட்டதில்லை. வசதியில்லாத பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருகிறார்கள் என்று மேலிடத்தில் மன்றாடி இந்தக் கூடத்தைத் திறக்கவைத்தவர் அவர்தான். அவரே ஒரு காலத்தில் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல்லூரியில் காலை வகுப்பில் உட்கார்ந்தவர்.

"போர்டுல என்ன எழுதியிருக்கீங்க?" என்று இரவுச் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள் அவர் மனைவி.

"ஏழை மாணவர்களுக்கு இலவச உணவுன்னு. வாசல்லயே, பெரிய எழுத்துல."

"நீங்க படிக்கிறப்ப அந்த வாசல்ல நுழைஞ்சிருப்பீங்களா?"

வாய்க்குக் கொண்டுபோன கை பாதி வழியில் நின்றது. செத்தாலும் நுழைந்திருக்க மாட்டார்.

மறுநாளே பலகை இறங்கியது. 'தலைமைப் பண்பு வளர்ச்சி வட்டம் – காலை அமர்வு' என்று புதிதாக ஒன்று ஏறியது. சாப்பாடு என்ற சொல்லே அதில் கிடையாது. இனி யாருக்கும் தலைகுனிவு இல்லை என்று திருத்தத்துக்கு ஒரே பூரிப்பு.

கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. ஆனால் வந்தவர்கள் அவர் எதிர்பார்த்த பிள்ளைகள் இல்லை. பாதிப் பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவன் முட்டையிலிருந்து மஞ்சள் கருவை மட்டும் நோண்டி ஓரமாக ஒதுக்கினான். ஒருத்தி பாதாம் பால் இல்லையா என்று முகம் சுளித்தாள்.

"தம்பி, வீட்ல சாப்பிட்டு வரலையா?"

"சாப்பிட்டாச்சு சார். இங்க வர்றது நாலு பேரைப் பழக்கம் பிடிக்க."

பரிமாற ஆள் போதவில்லை என்று கேட்டரிங்காரர் புலம்பினார். "யாரையாவது சேர்த்துக்கய்யா" என்று சொல்லிவிட்டுத் திருத்தம் பதிவாளரிடம் ஓடினார். நேர்முகத் தேர்வு வைத்து வசதியானவர்களை நைசாகக் கழித்துவிடலாம் என்பது அவர் போட்ட திட்டம்.

"தாராளமா வைங்க" என்றார் பதிவாளர். "ஆனா போர்டுல தலைமைப் பண்புன்னு போட்டுட்டு வறுமையைப் பார்த்து ஆள் எடுத்தா, நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போவான். தலைமைப் பண்புக்குத்தான் மார்க் போடணும்."

ஆகவே பேச்சுத் திறமைக்கு மார்க், மேடை அனுபவத்துக்கு மார்க், வெளிநாடு போய்வந்திருந்தால் அதற்குத் தனி மார்க் என்று முடிவாயிற்று. வந்து நின்ற கும்பலைச் சமாளிப்பதற்குள் திருத்தத்துக்கு நாக்குத் தள்ளிவிட்டது. யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க நேரமில்லை. குனிந்த தலை நிமிராமல் கேள்வி கேட்டார், மார்க் போட்டார். கார்க்காரர்கள் கணீரென்று பேசி மொத்தமாக உள்ளே வந்துவிட்டார்கள்.

தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் வட்டத்தின் மவுசு எங்கேயோ ஏறிவிட்டது. மனைவியின் தம்பி போன் செய்தான்.

"மச்சான், என் பையனுக்கு அதுல ஒரு இடம் பிடிச்சுக் கொடுங்க."

"டேய், அது பசிச்ச பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சதுடா."

"அவனும் காலையில எந்திரிச்சா பசிக்குதுன்னுதான் சொல்றான்."

இந்த லட்சணத்தில், கூடத்துக்குப் பணம் கொடுக்கும் நன்கொடைக் குழு பார்வையிட வரப்போவதாகச் சேதி வந்தது. பயன்பெற்ற ஏழை மாணவர் ஒருவரோடு அவர்களுக்கு நேரில் பேச வேண்டுமாம். "ஆளைக் காட்டலைன்னா கூடத்தை மூடிடுவாங்க" என்று பதிவாளர் சொல்லிவிட்டார்.

குழு வரும் காலையில் திருத்தம் மேசை மேசையாக அலைந்தார். "இங்க யாராவது... கொஞ்சம் சிரமப்படற குடும்பம்?"

ஒரே ஒருவன் கை தூக்கினான். "எங்க வீட்ல ரெண்டாவது காரை வித்துட்டோம் சார்."

வாசலில் குழுவினரின் குரல் கேட்டது. பக்கத்தில் பால் குவளையோடு பரிமாறிக்கொண்டிருந்த பெண் கண்ணில் பட்டாள்.

"அம்மாடி, இங்க வா. கொஞ்ச நேரம் நீ இங்க படிக்கிற பொண்ணு மாதிரி நடி. ஃபர்ஸ்ட் இயர்னு சொல்லு. முன்னெல்லாம் பட்டினி, இப்ப இங்கதான் சாப்பிடறேன்னு சொல்லு. அவ்வளவுதான். உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். குவளையை வைத்துவிட்டு ஏப்ரனைக் கழற்றினாள்.

குழுத் தலைவி அவளை எதிரில் உட்காரவைத்துக்கொண்டார். "என்னம்மா படிக்கிறே?"

"கணிதம். செகண்ட் இயர்."

சொல்லிக்கொடுத்தது ஃபர்ஸ்ட் இயர். திருத்தத்துக்குத் திக்கென்றது.

"அப்பா என்ன பண்றார்?"

"லாரியில மூட்டை இறக்கறார். அம்மா வீட்ல தைக்கிறாங்க."

"காலையில சாப்பிடாமலா வருவே?"

"முன்னாடி தண்ணி குடிச்சிட்டு வருவேன். மதியம் நெருங்கறப்ப போர்டுல இருக்கற எழுத்தெல்லாம் நெளிய ஆரம்பிச்சிடும். இப்ப நெளியறதில்ல."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழுவில் ஒருவர் கணக்குப் பேராசிரியராகத் தொலைய வேண்டுமா? அவர் ஆர்வமாக ஏதோ கேட்டார். திருத்தம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது, அவள் மேசைமேல் விரலால் ஏதோ வரைந்து விளக்கிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கூடம் பிழைத்தது. போகும்போது தலைவி திருத்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மாதிரி ஆள் இருக்கறதாலதான் சார் இந்தப் பிள்ளைங்க தலையெடுக்குது." பதிவாளர்கூட முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எல்லோரும் போனபின் திருத்தம் அந்தப் பெண்ணிடம் வந்தார்.

"அடேயப்பா, என்னமா நடிச்சே! அந்த எழுத்து நெளியறது இருக்கே, பட்டினி கிடந்தவனுக்குத்தான் அது தெரியும். உன் மாதிரி பொண்ணு பால் ஊத்திட்டு இருக்கக் கூடாதும்மா. எப்படியாவது உன்னை இங்க படிக்க வைக்கிறேன். இது என் பொறுப்பு."

அவள் ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டு குவளையை எடுத்தாள்.

"இங்கதான் சார் படிக்கிறேன். நேர்முகத்துல தலைமைப் பண்பு போதாதுன்னு நீங்க கழிச்சு விட்டீங்க. பரிமாறினா மிஞ்சறதைச் சாப்பிட்டுக்கலாம்னு கேட்டரிங்காரர்தான் எங்களைச் சேர்த்துக்கிட்டார்."