சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டவளுக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

பதினோரு வருஷமாய் உன்னோடு பேசாத அக்கா எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கவேண்டுமாம். உன் நலத்துக்கென்ன குறைச்சல்!

போன வாரம் போனில் அழுது, "அக்கா, உன் மக கல்யாணத்துல நாற்காலி உடைஞ்சு நீ விழுந்தப்ப நான் சிரிச்சது தப்புதான்"னியே, அதுலதான் என் குடி கெட்டது. எப்படின்னு கேளு. இந்த வயசில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். தமிழ் தெரியாத டாக்டரிடம் நான் முழங்கால் வலியைக் கால் மணி நேரம் சொன்னால், மருமகள் அதை இங்கிலீஷில் ரெண்டே வார்த்தையில் முடிச்சிடறா. "பரீட்சையில பாஸாகும்மா, அப்புறம் தனியாப் போ"ன்னுட்டான் மகன். அங்கே ஒவ்வொரு வினைச்சொல்லுக்குப் பின்னாலும் ஒரு குட்டிச் சொல்லை வால் மாதிரி ஒட்டணும். எதுக்கு எந்த வால்னு கேட்டா, டீச்சரே "மனப்பாடம்தான் பாட்டி"ன்னு கையை விரிச்சிட்டா. என்கூடப் படிக்கிற முடிவெட்டுறவர், ரொட்டிக்கடைக்காரர் எல்லாம் திருதிருன்னு முழிக்கிறாங்க. எனக்கென்ன கஷ்டம்? கோபத்தோட சேர்த்து முடிஞ்சுவெச்சா எது மறக்கும்? காத்திருக்கிறதுக்கு 'வெயிட் ஃபார்': பஸ் நிலையத்துல என்னை மூணு மணி நேரம் நிக்கவெச்ச உன் வீட்டுக்காரர். காதுகொடுத்துக் கேக்குறதுக்கு 'லிசன் டு': அதை ஒருநாளும் செய்யாமலே போய்ச்சேர்ந்த உன் அத்தான். சிரிக்கிறதுக்கு 'லாஃப் அட்': அது நீ. பத்துக்குப் பத்து வாங்கினேன்!

நீ மன்னிப்புக் கேட்டே, என் மனசு இளகிப்போச்சு. மறுநாள் டீச்சர் "லாஃப்"னா. உள்ளே தேடறேன்: நாற்காலி இருக்கு, நீ இருக்கே, கோபத்தைக் காணோம், கூடவே வாலையும் காணோம். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்துத்தான் மேலே 'லாஃப் அட்'னு எழுதினேன். பரீட்சையில் நோட்டு ஏது?

வியாழக்கிழமை பரீட்சை. அதனால, கண்ணு, உன் மன்னிப்பை வெள்ளிக்கிழமை வரைக்கும் திரும்ப எடுத்துக்கோ. நாளைக்கு வர்றேன்னியே, வராதே. போன் பண்ணினாலும் கொஞ்சம் திமிராவே பேசு. வெள்ளிக்கிழமை காலையில முதல் வேலையா மன்னிச்சுடறேன்.

வீட்டில் எல்லாருக்கும் என் ஆசி. உன் வீட்டுக்காரருக்கு மட்டும் பாதி; மீதி பரீட்சைக்கு அப்புறம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டும்போது ஞாபகம் வந்தது. அன்னைக்கு உன் பக்கத்தில் நின்னு என் நாத்தனாரும் சிரிச்சா, உன்னைவிடச் சத்தமா. அவ இன்னும் மன்னிப்புக் கேக்கலை, கேக்கவும் மாட்டா, புண்ணியவதி! மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடு. லாஃப் அட், லாஃப் அட், லாஃப் அட். கடிதத்தை, இங்கே வந்திருக்கிற உன் பேரன் கையிலேயே கொடுத்தனுப்பறேன். நாளைக்கே கிளம்பி வா.