கட்டளை அறையில் ஒரு சிவப்புப் புடவை

வண்டிமாட்டின் சலங்கை கேட்டதுமே மனைவியையும் குழந்தையையும் பக்கத்து வெற்றறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திய திம்மப்பன், கொடியில் உலர்ந்துகொண்டிருந்த சிவப்புப் புடவையை மறந்துபோனான். வண்டியிலிருந்து இறங்கிய சரோஜம்மாளின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

ஜூஜுவாடிக்கு அருகே, மைசூர் எல்லையோரத்து அனுமார் கோயிலையொட்டி, அவள் கணவர் நாராயணப்பன் வரிசையாக நான்கு அறைகளைக் கட்டிவைத்துவிட்டுக் காலமானார். தம் ஆன்மா நற்கதியடைய, நாள்தோறும் தம் பெயரைச் சொல்லி விளக்கேற்றும் பூசாரிகள் அவற்றில் குடியிருக்கலாம்; ஆனால், அனுமாரைப்போல் அவர்களும் மணமாகாதவர்களாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் எழுதிவைத்த கட்டளை. மூன்று பூசாரிகள் கல்யாணம் செய்துகொண்டு வெளியேறிவிட்டார்கள். எஞ்சிய திம்மப்பனும் சென்ற ஆண்டு, 1954இல், எவருக்கும் தெரியாமல் பூவம்மாளை மணந்தான். பிறந்தகமற்ற அவள், ஒரு மாதக் கைக்குழந்தையோடு எட்டு நாளைக்கு முன்புதான் இங்கே வந்து சேர்ந்திருந்தாள். இந்த இடமும் போனால் மூவருக்கும் மரத்தடிதான்.

"என்ன திம்மப்பா, புடவை?"

"சாமிக்குச் சாத்தினதும்மா."

"அனுமாருக்கா?"

"இல்லீங்கம்மா... தை மாசத்துக் குளிரு. நான்தான் போத்திக்கறேன்."

"செவப்பு ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லி உள்ளே நுழைந்தவள், அடுப்பின்மேலிருந்த கொள்ளுச் சாற்றைக் கரண்டியில் எடுத்துச் சுவைத்தாள். "யாரு வெச்சது?"

"நானேதாம்மா!"

"அடேயப்பா! என்ன கைப்பக்குவம்! நாளைக்கு ஐயாவுக்குத் திதி. இருபது பேருக்கு நீயே களி கிண்டிடு. எங்கே, இப்ப ஒரு உருண்டைக்குக் கிண்டு, பாக்கலாம்."

வெந்நீரைத் தவிர வேறெதையும் வைத்தறியாத திம்மப்பன், கொதிநீரில் ராகிமாவை ஒரேயடியாய்க் கொட்டினான். மாவு திரண்டு கல்லாயிற்று. துடுப்பை வலப்புறம் சுழற்றினான். சட்டி இடப்புறம் ஓடிற்று. காலால் அணை கொடுத்தான்; கால் சுட்டது.

"சட்டி தப்பிச்சுப் போவுது பாரு" என்றாள் சரோஜம்மாள்.

அவ்வளவு நேரமும் கதவிடுக்கால் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பூவம்மாளுக்கு, அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அய்யோ, கட்டி தட்டுதே! தீயைத் தணிச்சு, ஓரமாக் கிண்டுங்க மாமா!"

துடுப்பு நழுவி விழுந்தது. கூடவே திம்மப்பனும் சரோஜம்மாளின் காலில் விழுந்தான்.

"பொய் சொல்லிட்டேம்மா. எங்கள வெளியே அனுப்பிடுங்க. ஆனா, எந்த மரத்தடியில இருந்தாலும், தெனமும் பொழுதுசாய ஐயா பேரைச் சொல்லி ஒரு வெளக்கு ஏத்திடுவேன். அது தப்பாது."

சரோஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. கோபமா, அழுகையா என்று திம்மப்பனுக்கு விளங்கவில்லை.

அப்போது வண்டிக்காரன் கரியப்பன் வாசலில் தலையை நீட்டினான்.

"அம்மா, குழந்தைக்குன்னு கொண்டாந்த தொட்டிலு வண்டியிலயே கெடக்குது. வெளையாட்டு முடிஞ்சுதுன்னா, எந்த ரூம்புல எறக்கட்டும்?"