கரண்ட் சாமியும் உப்பு மூட்டையும்

மரக்காணம் உப்பளத்து ஓரம் கொட்டகை போட்டுக் கரண்ட் சாமி எழுந்தருளியிருந்தார். வெள்ளிக்கிழமை விடிந்தால் அனுமந்தை வரைக்கும் ஷேர் ஆட்டோ கிடைக்காது. இருமுகிறவர், இருமாதவர், இருமல் வந்துவிடுமோ என்று பயந்தவர், எல்லோரும் அங்கேதான்!

நோயாளியின் நெஞ்சில் சாமி தீர்த்தம் தெளிப்பார். பக்கத்துப் பாத்தியில் மொண்ட உப்புத் தண்ணீர்தான். அதன்மேல் ஒரு பல்பை வைப்பார். ஒயர் இல்லை, பிளக் இல்லை, எரியும்! "உள்ள கட்டி இருக்குது" என்பார். உடனே காதுத் தோடு காணிக்கையாகும். ஏழாம் வாரம் தீர்த்தம் கிடையாது; நெஞ்சு நிறையக் காய்ந்த விபூதியை அப்பிப் பல்பை வைப்பார். எரியாது. "கட்டி கருகிடுச்சி!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

உப்பு வாரும் பலராமனுக்கு நுரையீரலில் புற்றுநோய். அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் ஆபரேஷன். கட்டியை எடுத்ததும், நெஞ்சை மூடுமுன் அங்கேயே கதிர்வீச்சும் கொடுப்பதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். நம் ஊரில் கதிர்வீச்சுக்குப் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. அந்தப் பெயரே அவனைப் பாதி கொன்றுவிட்டது.

"நெஞ்சைத் தொறந்து வச்சி ஷாக் குடுப்பாங்களாம். நான் போகலை சுலோ. சாமி வெளியில இருந்தே குடுக்குறாரு."

"அது கரண்டே இல்லீங்க" என்றாள் மனைவி சுலோசனா. "எக்ஸ்ரே மாதிரி கதிராம். கட்டி ஒட்டிக்கிட்டிருந்த எடத்துல மட்டும் காட்டுவாங்களாம். நீங்க மயக்கத்துல இருப்பீங்க."

"டாக்டருக்கு இன்னா தெரியும்?"

இப்படிக் கேட்க நம்மை விட்டால் யார்!

சுலோசனாவும் கூடவே கொட்டகைக்குப் போனாள். பலராமன் நெஞ்சில் பல்பு எரிந்தது. கூட்டம் அரோகரா போட்டது. அவள் பல்பைப் பிடுங்கி, வாசலில் கிடந்த ஈர உப்பு மூட்டையில் வைத்தாள். பளிச்சென்று எரிந்தது!

"சாமி, மூட்டைக்கு எந்தப் பக்கத்து நுரையீரல்ல கட்டி?"

"அதுக்கும் ஏழு வாரமாங்க?" என்று ஒரு பக்தர் கவலையோடு விசாரித்தார்.

"யோவ்! கரண்ட் போனா எரியிற சார்ஜ் பல்புய்யா இது. அடியில ஈரம் பட்டா எரியும். எங்க வீட்லயும் இருக்குது!" என்றாள் சுலோசனா.

அதை வியர்த்துக் கொட்டிய சாமியின் நெஞ்சிலும் வைத்தாள். எரிந்தது.

"ஐயோ, உங்களுக்குமா? நாளைக்கு எங்ககூடவே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க!"

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாகத் தாண்டி ஓடினார்.

மறுநாள் கையெழுத்துப் போடுமுன் பலராமன் டாக்டரம்மாவைக் குடைந்து எடுத்தான். எவ்வளவு நேரம் காட்டுவீங்க? சுடுமா? பின்னாடி கெடுதல் வருமா? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். அதற்குப் பிறகே அவன் கையெழுத்துப் போட்டான்.

நல்லது, கேட்கட்டும். ஆனால் மக்களே, டாக்டரிடம் நாற்பது கேள்வி கேட்கிற வாய், சாமியாரிடம் ஒன்று கேட்டால் அழுகியா போய்விடும்?