பெர்னாடெட் அம்மையாரின் வாசலில் ஓட்டிஸ் தொடுத்த இனிப்புப் போர்

வாழ்க ஓட்டிஸ்! குழி மலிந்த ஹாம்ட்ராம்க் வீதிகளில் பேருந்துத் தேர் செலுத்தும் பெருந்தோளன், வாடகை மாடியின் ஒழுகும் கூரையை வாளிப்படை கொண்டு எதிர்த்து நின்ற வீரன், அவன் புகழ் பாடப் புகுந்தோம். டெட்ராய்ட் ஆறே, உறைந்து கிடந்தது போதும், காது கொடு!

“தொட்டிலுக்கு மேல வாளி கட்ட முடியாது, ஓட்டிஸ்!” என்று நிறைமாத மனைவி ஷர்லீன் முரசறைந்தாள். அன்றே புறப்பட்டான் வீரன். தவணை தவறியோரிடமிருந்து வங்கி பறித்த வீடுகள் அவன் கைக்கு எட்டும் விலையில் இருந்தன. ஆனால் அவற்றின் சாவிகளெல்லாம் பெர்னாடெட் என்னும் தரகரின் மேசையில் உறங்கின. அம்மையாரின் அன்பைப் பெற்றோர்க்கே விற்பனைச் செய்தி முதலில் எட்டும். மற்றோர்க்கு விற்ற செய்திதான். ஓட்டிஸ் எய்த தொலைபேசிக் கணைகள் யாவும் பதிவுக்குரல் என்னும் அகழியில் வீழ்ந்து மடிந்தன.

இனி இனிப்பே படைக்கலம் எனத் துணிந்தான். தவக்காலத்துக்கு முந்திய செவ்வாயன்று, ஊரே பூன்ச்கி என்னும் போலந்துப் பொரித்த இனிப்பு வாங்கத் திரண்ட அடுமனை வரிசையில், பனிக்காற்று வாளாய் வீச, முழங்கைகள் ஈட்டிகளாய்ப் பாய, பழக்கூழ் பொதிந்த கடைசிப் பெட்டியைக் கவர்ந்து களிறென மீண்டான். அதற்குள் அம்மையாரின் அலுவலகம் பூட்டியாயிற்று.

புதன் காலை மீண்டும் படையெடுத்தால், அங்கே வீடு வாங்கி விற்கும் டெக்ஸ்டர், மின்னும் காலணியும் மூன்றடுக்குக் கேக்குமாய், மலைமேல் மலை நின்றாற்போல் நின்றான். இரு வேந்தரும் பெட்டிகளை ஓங்கினர்.

அம்மையார் நிமிர்ந்தார். நெற்றியில் சாம்பல் சிலுவை.

“கண்ணு தெரியுதா உங்க ரெண்டு பேருக்கும்? இன்னிக்கு விரதம். ஈஸ்டர் வரைக்கும் இனிப்பு பக்கமே போகமாட்டேன். மூக்குக்கு நேரா நீட்டுறீங்களே, பாவிகளா!”

படைக்கலங்கள் தாழ்ந்தன.

“சரி, ஈவலின் தெரு வீட்டு நடைபாதையில முழங்கால் அளவு பனி. அள்ளாம விட்டு நகராட்சி அபராதம் போட்டா பேங்க்காரன் என் உசிரை வாங்குவான். யாருக்கு இடுப்பு நல்லாயிருக்கு?”

டெக்ஸ்டர் தன் காலணியை நோக்கினான்.

“எனக்கு இருக்கு, மேடம்” என்றான் ஓட்டிஸ்.

“அப்போ சாவியை எடுத்துக்க தம்பி. முடிச்சிட்டு உள்ளேயும் ஒரு சுத்து பாத்துட்டு வா. அடுத்த வாரந்தான் விலைக்கு வருது, இன்னும் யார்கிட்டயும் சொல்லல. கூரை புதுசு.”

அண்டம் அதிர, சங்கம் முழங்க, விண்ணோர் மலர்மாரி பொழிய, பேருந்துத் தேரோன், வாளிப்படைத் தலைவன், இனிப்பிழந்தும் சாவி வென்ற ஓட்டிஸ் ஈவலின் தெருவுக்குப் போய்ப் பனி அள்ளினான்.