சுருக்கெழுத்தர் சங்கத்தில் நான் வாசித்த ஏழு நிமிஷம்

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
14-8-1946

அன்புள்ள தம்பி காஸ்பருக்கு அக்காள் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் என் மகன் லூயிஸும் சௌக்கியம். உன் வீட்டார் அனைவரும் சுகமாயிருக்க தேவமாதாவை மன்றாடுகிறேன்.

உன் மகன் பவுலைச் சுருக்கெழுத்தர் சங்கத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேலையற்றவர்கள் கூடி வெற்றிலை போடும் இடம் என்று பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

யுத்தம் முடிந்ததால் லூயிஸின் தற்காலிக ஆபீஸை இம்மாதக் கடைசியில் மூடுகிறார்கள். எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. அப்படியிருக்க, அவன் செவ்வாய்தோறும் லஸ்ஸில் அந்தச் சங்கத்தின் மாடியறைக்குப் போய்க்கொண்டிருந்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? போன செவ்வாயன்று அவனை இழுத்து வரக் குடையோடு நானே படியேறினேன். அங்கே முப்பது பேர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள், காஸ்பர். கோயிலில்கூட அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. ஒருவர் இங்கிலீஷில் வாசிக்க, மற்றவர்கள் சுருக்கெழுத்தில் எழுதிப் பழகுவது அங்கே வழக்கம். வாசித்தவர் பாதி வார்த்தைகளை விழுங்கினார். கன்னியாஸ்திரீகளிடம் படித்த எனக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தை வாங்கி நானே வாசித்தேன்.

ஒரு கம்பெனியின் வருஷ அறிக்கை அது. காரியதரிசி அனந்தராமன், "இன்னும் கொஞ்சம் வேகமா படிங்கோம்மா, இவாள்ளாம் தாங்குவா" என்றார். வாசிக்கையில் லூயிஸ் கூன் போட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு, நிமிர்ந்து உட்காரும்படியும், காலர் பொத்தானைப் போடும்படியும் இங்கிலீஷிலேயே நடுநடுவே சொன்னேன்.

முடிந்ததும்தான் விஷயம் தெரிந்தது. கடற்கரையில் ஒரு கப்பல் கம்பெனிக்கு நிரந்தரமாக ஒருவர் வேண்டுமாம். அன்று எழுதியதைத் திருத்தாமல் டைப் செய்து, வாசித்தவர் கையெழுத்தோடு அனுப்ப வேண்டுமாம். இதை லூயிஸுக்குச் சொன்னவர் யார் என்கிறாய்? அதே வேலைக்கு மனுப்போட்ட மாணிக்கவாசகம். போட்டிக்காரனைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் மனிதர்களை நான் வேதபுஸ்தகத்திலும் படித்ததில்லை.

இருவர் தாளிலும் பெருமையோடு கையெழுத்திட்டேன். லூயிஸின் தாள் பீடத்து விரிப்பைப் போலச் சுத்தம். மாணிக்கவாசகம் பாவம், நான் திட்டியதையும் சேர்த்து அடித்துவிட்டார், டைரக்டர்கள் லாபத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் காலர் பொத்தான். நம் பையனுக்கே வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பவுலை உடனே சேர்த்துவிடு.

ஆலிஸுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

செபத்தில் உங்களை மறவாத
மர்சலின்

பி.கு.: உறையை ஒட்டுமுன் லூயிஸ் வந்தான். வேலை மாணிக்கவாசகத்துக்கு. காதில் விழுந்ததை விட்டுவிடுகிறவர் தங்களுக்கு வேண்டாமென்று மானேஜர் சொல்லிவிட்டாராம்.

"ஏண்டா விட்டே?" என்றேன்.

"நீங்க திட்டினதை ஊரார் ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்களேம்மா" என்றான்.

அதற்குள் மாணிக்கவாசகமே வாசலில் வந்து நின்றார். தாம் விட்டுப்போகும் இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸ் வேலைக்கு வேறு யாருக்கும் தெரியுமுன் லூயிஸ் திங்களன்று போய் எழுதிக்காட்ட வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "அம்மா மட்டும் வரவேணாம்" என்றார்.

பவுல் சங்கத்துக்குப் போகட்டும். நீ வீட்டிலேயே இரு.