மலையேறாத பச்சைப் புள்ளி

மனிதனின் உழைப்பை அளக்க எத்தனையோ அறிஞர்கள் முயன்று தோற்றார்கள். எங்கள் நிறுவனம் ஒரே செயலியில் அளந்துவிட்டது. அதன் பெயர் 'விழிப்பு'.

நாங்கள் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிறோம். அது பழுதானவர்களுக்கு வீட்டிலிருந்தே போனில் ஆறுதல் சொல்வது என் பணி. நான் உழைக்கிறேனா என்று எப்படி அறிவது? நிர்வாகம் கூடி ஆலோசித்து ஓர் உண்மையைக் கண்டது: திரை விழித்திருந்தால் ஊழியர் உழைக்கிறார். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. திரை தூங்கினால் சிவப்பு. சிவப்பு நீடித்தால் வேலை போகும்.

அரை நிமிடம் விரல் படாவிட்டால் திரை தூங்கிவிடும். போனின் அமைப்புகளில் போய் அதை மாற்றவும் முடியாது. செயலி அந்தக் கதவை முன்பே பூட்டிவிட்டது. எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டிவந்த நாட்களில் என் மனைவி சுபலட்சுமி இறந்துபோனாள். காய்ச்சல் என்று காரைக்குடிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது ஆம்புலன்ஸ்.

முறைப்படி மேலாளர் வெங்கட்ராமனுக்குத் தெரிவித்தேன். அவர் மிகவும் வருந்தினார். விடுப்புக்கு உரிய காரணங்களைச் செயலியில் பார்த்து வாசித்தார்: உடல்நலக் குறைவு, திருமணம், சுற்றுலா.

"மனைவி இறப்புன்னு ஒரு ஆப்ஷன் இல்லையே தம்பி. சுற்றுலான்னு போடவா?"

வேண்டாம் என்றேன்.

"அப்ப பச்சைப் புள்ளி மட்டும் போயிராமப் பாத்துக்கங்க. மனசையும் தளரவிடாதீங்க."

எது முதலில், எது பிறகு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

வீட்டில் அவள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பதினாறாம் நாள் காரியம் வரை அது அணையக் கூடாது. அணைந்தது என்று வாயால் சொல்லவும் கூடாது. மலையேறியது என்று சொல்ல வேண்டும். சுபாவின் அம்மா சோலையம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு தகுதியான ஆள் இருக்கும்போது வீணாக்குவானேன்? போனை விளக்கின் அருகில் வைத்தேன். நிர்வாகவியலில் இதற்குப் 'பணிப்பகிர்வு' என்று பெயர்.

"இதையும் மலையேறாமப் பாத்துக்கங்க அத்தை. அப்பப்ப விரல வச்சாப் போதும்."

அத்தை பச்சைப் புள்ளியை உற்றுப் பார்த்தார். "இதுவும் அவளுக்குத்தானா மாப்ளே?"

விளக்கிச் சொல்லியிருக்கலாம். நான் பட்டதாரி.

"ஆமா," என்றேன்.

அதன்பின் அத்தைக்கு ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், மறு கை விரல் திரையில். துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழும்போதும் அந்த ஒரு விரல் மட்டும் தனியே நீண்டு தொட்டுவிட்டு வந்தது. எழுந்து போனால் இன்னொருத்தியை உட்கார்த்தி வைத்துவிட்டுத்தான் போவார். சாக்கோட்டையிலிருந்து வந்த சித்தப்பா விளக்கைக் கும்பிட்டார். கையோடு போனையும் கும்பிட்டார். திரை முழுக்க நல்லெண்ணெய். இயந்திரம் பழுதானவர்கள் யாருக்காவது ஆறுதல் கிடைத்ததா என்று தெரியவில்லை. நிறுவனமும் கேட்கவில்லை.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலியின் கணக்கில், வாழ்நாளிலேயே அப்போதுதான் நன்றாக உழைத்தேன்.

காரியம் முடிந்து விளக்கைக் குளிரவைத்தார்கள். இதையும் குளிரவைத்துவிடலாமா என்று அத்தை போனைக் காட்டிக் கேட்டார். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தேன். அவர் விரலை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் மேலாளர் அழைத்தார். அத்தையின் கையிலிருந்துதான் போனை வாங்கிப் பேசினேன். கிளை வரலாற்றில் ஒருமுறைகூடச் சிவக்காத புள்ளி என்னுடையதுதானாம். எனக்கு 'விழிப்புச் செம்மல்' விருது. தூக்கமே கிடையாதா தம்பி என்று வியந்தார். அந்த ஒரு விஷயத்தில் செயலி பொய் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை அமராவதிபுதூர் மண்டபத்துல விழா. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வந்துருங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பொன்னாடை."

"சரி சார்," என்றேன். விருது பெறுகிறவன் வேறெப்படிப் பேசுவான்?

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தை விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.

"யாரு மாப்ளே?"

"ஆபீஸ்ல இருந்து."

"எம் புள்ளையப் பத்தி ஏதும் கேட்டாகளா?"

"கேட்டாக அத்தை. கூட்டிட்டு வரச் சொன்னாக."